ஸ்டிக்கர் உபாசகர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் செல்லும் சாலையில், கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை ஏற்றம் தொடங்கும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளையில், உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்றை ஓரமாக நிறுத்திவிட்டு, அதன் பக்கத்துப் பிளாஸ்டிக் பலகையைக் கட்டைவிரலால் கால் மணி நேரமாக அழுத்தியபடி குந்தியிருக்கும் இளைஞர் ஒருவரைக் காண நேர்ந்தால், பாவம், வண்டி பழுதாகிவிட்டதோ என்று இரக்கப்பட்டு நின்றுவிடாதீர்கள். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டிக்கரின் ஒரு மூலை எழும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

இவர் ஸ்டிக்கர் உபாசகர். ஜீவனத்துக்கு அரிசி ஆலையில் கணக்கு எழுதலாம், பைனான்ஸ் கம்பெனிக்குத் தவணை வசூலிக்கலாம், தகப்பனார் கடையில் கல்லாவில் உட்காரலாம். அவையெல்லாம் கௌணமான விஷயங்கள். 2019ஆம் வருஷம் மே மாதம் ஹீரோ கம்பெனி, இவர் இப்போது ஓட்டும் எக்ஸ்பல்ஸ் 200 என்ற மண்பாதை வண்டியை விற்பனைக்கு விட்டது. அதே வருஷம் நவம்பரில் கள்ளக்குறிச்சி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நம் உபாசகரின் அபிப்பிராயத்தில் இவ்விரண்டும் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்தவை. எனினும் முன்னதற்கு ஒரு படி அதிகம்.

அவர் வண்டியின் மேனியை ஒரு முறை சாவகாசமாகப் பார்வையிடுவது நல்லது. அவர் ஒருநாளும் ஓடியறியாத பந்தயத்துக்கான இலக்கம் முன்புறத்தில் இருக்கும். அவர் நாவில் ஒரு சொட்டும் படாத சக்தி பானத்தின் பெயர் ஒரு பக்கம், அவர் பெயரைக் கனவிலும் கேள்விப்பட்டிராத எண்ணெய்க் கம்பெனியின் முத்திரை மறு பக்கம். இவற்றுக்கெல்லாம் காவலாகப் பின் மட்கார்டில் 'முருகன் துணை'. பந்தயக்காரர்களுக்குக் கம்பெனிகள் பணம் கொடுத்துத் தம் பெயரை ஒட்டச் சொல்வது உலக வழக்கம். இவரோ தம் கைப்பணத்தைக் கொடுத்து அக்கம்பெனிகளின் பெயர்களை ஒட்டிக்கொண்ட தர்மவான். 2024 மே மாதத்தில், சொந்த வாகனங்களில் தொழிலையும் துறையையும் குறிக்கும் ஸ்டிக்கர்களை ஒட்டக்கூடாது என்று சென்னைப் போக்குவரத்துப் போலீசார் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது, சென்னைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த இவருக்குச் சில நாள் சோறு இறங்கவில்லை. பிறகு, தமக்குத் தொழில் என்று குறிப்பிடத்தக்கது எதுவும் வண்டியில் ஒட்டப்படவில்லை என்பதை ஸ்மரித்து ஆறுதல் அடைந்தார்.

ஸ்டிக்கர் எழும்பும் இவருடைய துயரத்துக்கு மூலகாரணம் ஓர் இத்தாலியர் என்பது இவருக்கே தெரியாது. மண்பாதை வண்டிகளுக்கென்று விற்கும் மட்கார்டுகளும் பலகைகளும் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. 1954இல் ஜூலியோ நாட்டா என்ற ரசாயன நிபுணர் அதை உருவாக்கி, 1963இல் ஜெர்மானியரான சீக்லருடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். விழுந்தாலும் உடையாது, வளைத்தாலும் ஒடியாது என்ற சகல குணங்களும் பொருந்திய அந்த வஸ்துவுக்கு ஒரே ஒரு துர்க்குணம்: தாமரையிலை தண்ணீரை ஏற்பதுபோலத்தான் அது பசையை ஏற்கும். போதாததற்கு, பலகை வளையும்போது ஸ்டிக்கர் அதே அளவு வளைவதில்லை. முழங்காலும் பூட்ஸும் ஓயாமல் உராய்கின்றன. வாட்டர் சர்வீஸ் கடைக்காரர் குழாயை ஓரத்துக்கு நேரே பிடித்துப் பீய்ச்சிவிட்டு, பளபளப்புக்காக ஒரு பாலிஷையும் தடவி அனுப்புகிறார். அந்த வழுவழுப்பின்மேல் எந்தப் பசை நிற்கும்?

உபாசனையின் ஆரம்ப தசையில் எல்லாரையும் போலவே இவரும் ஃபெவிக்விக்கைச் சரணடைந்தார். அந்த இனத்துப் பசையை 1942இல் ஹாரி கூவர் என்ற அமெரிக்கர், துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது கண்டு, தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்கிறதே என்று எரிச்சலுற்று ஒதுக்கிவைத்தார். தொட்டதையெல்லாம் பற்றும் அந்தப் பசை சரியாகப் பற்றாத அபூர்வப் பொருள்களில் பாலிபுரோப்பிலீனும் ஒன்று. நம்மவருடைய ஆள்காட்டி விரல் அந்தப் பட்டியலில் இல்லை. விரலும் ஸ்டிக்கரும் ஏகமாயின. பலகை மட்டும் தனித்து நின்றது. ஒட்டிய ஓரத்தைச் சுற்றி வெள்ளை பூத்ததுதான் மிச்சம்.

பின்னர் பேருந்து நிலையத்தருகே உள்ள ரேடியம் கடைக்காரரிடம் போய் நின்றார். அவர் எழும்பிய மூலையை நகத்தால் தூக்கிப் பார்த்தார். உள்ளே கல்வராயன் மலையின் செம்மண் பொடி.

"இது செத்த பசை தம்பி. மண்ணு ஏறினா ஒட்டாது."

"எப்படியாவது காப்பாத்துங்கண்ணே."

"மெடிக்கல்ல ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சுல தொட்டு ரெண்டு பக்கமும் தொடை. நல்லா காயட்டும். அப்புறம் ஹேர் டிரையர்ல சூடு காட்டி, நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தேய்ச்சு அழுத்து. மூலையைக் கூரா விடாதே, பிளேடால வளைவா வெட்டிடு. கூரா இருந்தா திரும்ப மாட்டிக்கிட்டுக் கிழியும். ரெண்டு நாளைக்குத் தண்ணி காட்டாதே."

மந்திரோபதேசம் பெற்றவர்போல வீடு திரும்பினார். தங்கையின் ஹேர் டிரையர் அன்றே பறிபோயிற்று. இப்போது அவர் ஒட்டும் நேர்த்தியைப் பார்க்க வேண்டும்: காலாவதியான ஏ.டி.எம். கார்டின் விளிம்பில் மெல்லிய துணியைச் சுற்றி, மூச்சை அடக்கி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரே சீராக இழுப்பார். உள்ளே ஒரு குமிழி தங்கினால் ஊசி முனையால் குத்திக் காற்றை வெளியேற்றுவார். சூடு மிகுந்தால் ஸ்டிக்கர் இழுபட்டு எழுத்துக் கோணும் என்பதால், டிரையரை விலக்கி விலக்கிப் பிடிப்பார். இவ்வளவு சிரத்தையைப் பள்ளிப் படிப்பில் காட்டியிருந்தால் என்று அவருடைய தாயார் தொடங்குவதுண்டு. வாக்கியம் இதுவரை முடிந்ததில்லை.

இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. சேற்றில் இறங்காத வண்டிக்கு இந்த அலங்காரம் எதற்கு என்று ஊர் கேட்கும். இறங்கினாலோ ஸ்டிக்கர் உரியும். ஆகவே பெரியார் நீர்வீழ்ச்சி வரை தார்ச்சாலையிலேயே ஜாக்கிரதையாகப் போய், டயருக்கு மட்டும் கொஞ்சம் சேறு பூசி, படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஒருமுறை வழியில் மூலை எழும்பிக் குந்தியிருந்தபோது, சாமை மூட்டைகளை ஏற்றிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் அம்மலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். அந்த வண்டியில் கம்பெனியின் பெயர்கூட எப்போதோ அழிந்துபோயிருந்தது.

"வண்டி நின்னு போச்சா தம்பி?"

"இல்லீங்க ஐயா, ஸ்டிக்கர் எழும்புது."

பெரியவர் சற்று யோசித்தார். "பிச்சு எறிஞ்சிட்டு வா. மழை வருது."

நம்மவர் வரவில்லை. சட்டையைக் கழற்றிப் பலகைக்குப் போர்த்திவிட்டுத் தாம் நனைந்தார்.

வாசகர்களில் யாருக்கேனும் வண்டியின் ஸ்டிக்கரோ, பிள்ளையின் சைக்கிள் ஸ்டிக்கரோ, பிரிட்ஜின் பெயர்ப்பட்டையோ உரிந்து தொங்கினால், தயங்காமல் இவரிடம் கொண்டுபோங்கள். கூலி வாங்க மாட்டார், ஸ்பிரிட்டும் அவருடையதே, வேலையும் சுத்தமாக இருக்கும். வெள்ளிமலை வரை போய்வர வண்டியை மட்டும் இரவல் கேட்டுவிடாதீர்கள்.