இரட்டைப் பிள்ளைகளும் துவைத அத்துவைத விசாரமும்

ஜீவனும் பிரம்மமும் ஒன்றா இரண்டா என்று நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் வாதித்தும் தீராத அப்பெரும் பிரச்சினை, சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஈழத் தமிழ்க் குடும்பமொன்றில் இரட்டைப் பிள்ளைகள் ஜனித்த மாத்திரத்தில், குருவும் சுவடியும் இன்றியே தொட்டிலில் வந்து படுத்துக்கொள்கிறது என்பதை வேதாந்திகள் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதற் பிரமாணம் சுவிஸ் சட்டம். 1945 ஆம் ஆண்டில் அரசியல் சாசனத்தில் இடம்பெற்ற பிரசவகாலக் காப்புறுதியை 2005 ஜூலை 1 இல் அமுலாக்கிய நிதானம் இந்நாட்டுக்கே உரியது. அறுபது ஆண்டுகள் ஆல்ப்ஸ் மலையின் கணக்கில் ஒரு நிமிஷமும் ஆகா. சட்டப்படி தாய்க்குப் பதினான்கு வாரமும், 2021 முதல் தந்தைக்கு இரண்டு வாரமும் ஊதியத்தில் எண்பது வீதத்துடன் விடுமுறை உண்டு. பிறந்தவை இரண்டு என்பதற்காக அதில் ஒரு நாளும் கூடுவதில்லை. பிரசவம் ஒன்றே என்பது சட்டத்தின் சித்தாந்தம். ஆனால் அதே அரசாங்கம் மாதந்தோறும் வழங்கச் செய்யும் பிள்ளைப் பணமோ, 2025 முதல் தலைக்குக் குறைந்தது 215 பிராங்க் என்று இரண்டு தலைகளையும் எண்ணியே வருகிறது. விடுமுறையில் அத்துவைதியாகவும் காசில் துவைதியாகவும் விளங்கும் இச்சமரச மனப்பான்மையை நாம் நிந்திக்கலாகாது. காசு மறுபக்கமாக இருந்திருந்தால் நிந்தித்திருக்கலாம்.

அடுத்த பிரமாணம் அம்மம்மா. பிள்ளை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அவரின் விஸா தொண்ணூறு நாள். மகளின் விடுமுறை தொண்ணூற்றெட்டு நாள். பிரசவத்தன்றே அவர் வந்திறங்கினாலும் எஞ்சும் எட்டு நாள்களை, ஆறு மாதத்துக்குள் எடுத்து முடிக்கவேண்டிய தன் விடுமுறையிலிருந்து மருமகன் ஈடுசெய்யவேண்டும் என்பது கணித சாஸ்திரம். அம்மம்மாவுக்கு இதிலெல்லாம் சிரத்தை இல்லை. இரு பிள்ளைகளுக்கும் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு ஒன்றாகவே வருவதில் அவருக்குத் திருப்தி. பால் குடித்த பிள்ளையே மறுபடியும் குடித்துவிடும் அபாயத்தை உத்தேசித்து ஒன்றின் கையில் மட்டும் கறுப்புக் கயிறு கட்டிவிடுகிறார். வீடு தேடி வரும் மருத்துவச்சியம்மையோ, எந்தப் பிள்ளை எப்போது எவ்வளவு குடித்தது என்று அப்பியாசக் கொப்பியில் இரண்டு நிரலாக எழுதச் சொல்லும் வைதிக துவைதி. தந்தை இரவில் எழுதிய நிரல்களைக் காலையில் வாசிப்பது கல்வெட்டு ஆராய்ச்சிக்குச் சமானம்.

தொடர்மாடியின் பொதுச் சலவை அறையில் குடும்பத்துக்கு முறை நாள் ஒன்றே. தோய்க்கவேண்டிய உடுப்பு இரு மடங்கு. சூரிச், பேர்ண் போன்ற நகரங்களில் கட்டாயமாகக் காசு கொடுத்து வாங்கவேண்டிய குப்பைப் பையில் பம்பேர்ஸை அமுக்கி அடைக்கும் கலை தனி நூலாக எழுதத் தக்கது; இங்கே விஸ்தரிக்கவில்லை.

இனி ஓசை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி பேண வேண்டும் என்பது தொடர்மாடிகளின் பொது விதி. குழந்தையின் அழுகை குற்றமாகாது என்றாலும், மறுநாள் மின்தூக்கியில் மேல்வீட்டார் சொல்லும் காலை வணக்கத்தில் அந்தச் சலுகை தென்படுவதில்லை. 1884 இல் பாசல் நகரில் பிறந்த இரட்டையர் ஓகுஸ்த் பிக்கார், ஜோன் பிக்கார் ஆகியோரின் சரித்திரம் இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. முன்னவர் 1931 இல் ஜெர்மனியிலிருந்து பலூனில் ஏறி 15,781 மீற்றர் உயரத்தை அடைந்தார். பின்னவர் 1934 இல் அமெரிக்காவில் மனைவியோடு 17,000 மீற்றருக்கும் மேலே போனார். காஸ்மிக் கதிர்களை ஆராயவே போனார்கள் என்பது விஞ்ஞானிகளின் கூற்று. ஒன்றாகத் தொட்டில் பருவத்தைக் கழித்த இருவர், வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு ஆண்டுகளில், சப்தமற்ற உயரத்தை நாடிப் போனதற்கு வேறு காரணம் தேடுவோர் இரட்டைப் பிள்ளை வளர்த்திராதவர் என்பது எமது துணிபு.

ஒன்று அழ மற்றதும் அழுவதால் அத்துவைதம். ஒன்று உறங்க மற்றது விழிப்பதால் துவைதம். ஆகவே இரண்டையும் இணைக்கும் விசிஷ்டாத்துவைதமே ஏற்புடைத்து. மாறுபட்ட கருத்துடைய பண்டிதர்கள் இரவு இரண்டு மணிக்கு மேல் எந்நேரமும் எழுந்தருளலாம். ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாதிட வேண்டும், சோறு கொண்டுவந்தால் தோற்றும் போவோம்.