குட்டி யானைக்குப் பெரிய கால் மாட்டுவது எப்படி?

முதல் விதி: காரணம் தேடாதீர்கள். தேடினால் டயர் மாற்றவே மாட்டீர்கள். பெருங்களத்தூரில் சிக்னல் விழுகிறது. பக்கத்தில் வந்து நிற்கும் பொலிரோ பிக்கப்பின் 7.00 R15 டயர் தொடை உயரம் இருக்கிறது. உங்கள் குட்டி யானையின், அதாவது டாடா ஏஸின் 145 R12 முட்டியைத் தாண்டவில்லை. இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்?

ஏஸ் 2005-இல் வந்த வண்டி. வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ, பாரத்தோடு மொத்த எடை 1,550 கிலோ. இதற்குப் பன்னிரண்டு அங்குல வீல் டிஸ்க் போட்டவர்கள் கஞ்சத்தனத்தால் போடவில்லை. சக்கரம் சின்னதாக இருந்தால் சின்ன இன்ஜினுக்கு இழுவை கிடைக்கும், தளம் தாழ்ந்து ஒற்றை ஆளே லோடு ஏற்றலாம், சேலையூர் குறுக்குச் சந்திலும் வண்டி திரும்பும். ஆனால் இதெல்லாம் படித்தவர்கள் பேச்சு. ஸ்டாண்டில் நிற்கும்போது இழுவை கண்ணுக்குத் தெரியுமா? டயர்தான் தெரியும்.

ஆகவே 155 R13 மாட்டிவிடுங்கள். ஏற்கனவே மாட்டியவர் யாராவது "ஒண்ணும் ஆகாதுண்ணே" என்பார். அவர் சொல்வது உண்மைதான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பழைய டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 54 சென்டிமீட்டர். புதியது 58-ஐத் தொடும். ஆறரை சதவீதம் கூடுதல். சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருள்கிறது என்றால், அதே கியரில் தரையைத் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறைகிறது என்று பொருள். முழு லோடோடு தாம்பரம் மேம்பாலம் ஏறும்போது இதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,550 கிலோவில் ஆறரை சதவீதம் சுமார் 100 கிலோ. அதாவது, இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஐந்தைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு பாலம் ஏறுகிறீர்கள். யாரும் காசு கொடுக்காத ஐந்து கேன். பாலத்தின் பாதியில் இரண்டாவது கியர் திணறும். முதல் கியருக்கு மாற்றி, கிளட்ச்சைப் பாதி மிதித்துச் சமாளிப்பீர்கள். கிளட்ச் பிளேட்டின் நாற்றம் கேபினுக்குள் வரும்; கண்ணாடியை இறக்கிக்கொள்ளவும்.

பிரேக்குக்கும் இதே கணக்குதான். டயர் வளர்ந்தது, பிரேக் வளரவில்லை. டிஸ்க்கும் டயரும் கனமானால் சுற்றுகிற சக்கரத்தை நிறுத்தவும் கூடுதல் வேலை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோ திடீரென்று இடப்பக்கம் ஒதுங்கி ஆள் ஏற்றும் இடங்களை எல்லாம் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்பீடோமீட்டர். அது சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணும், டயரின் அளவை எட்டிப் பார்க்காது. முள் 50 காட்டும்போது வண்டி 53-இல் போகும். நூறு கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 94 விழும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குகிறவர் ஒவ்வொரு நூறுக்கும் ஆறு கிலோமீட்டரை வாடிக்கையாளருக்குத் தானம் செய்கிறார். மைலேஜும் இருப்பதைவிடக் குறைந்தே தெரியும். ஒரு மாதத்தில், டிரைவர் டீசல் விற்கிறான் என்ற சந்தேகம் ஓனருக்கு வந்துவிடும். இந்தச் சந்தேகம் டயரோடு இலவசம்.

பிளை விஷயத்துக்கு வருவோம். டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். LT என்றால் லோடு வண்டிக்கானது. 8PR, 10PR என்பது தாங்கும் திறனின் வரிசை. உள்ளே எட்டு அடுக்கோ பத்து அடுக்கோ நூல் இருக்கிறது என்று இன்றைக்கு அர்த்தமில்லை. அதே பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்த டயர். பட்டன் எவ்வளவு கறுப்பாகப் பளபளத்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. நிறைய பேர் பேரம் பேசுவார்கள், இந்த நான்கு எண்ணைப் பார்க்க மாட்டார்கள். நீங்களும் பார்க்காதீர்கள், கடைக்காரர் மனம் நோகும்.

10PR போட்டதும் வண்டி ஒன்றரை டன் தாங்கும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். டயர் ஒருவேளை தாங்கலாம். ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, வீல் பேரிங் ஆகியோரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் பாப் சாண்ட்லர் என்பவர் தன் ஃபோர்டு பிக்கப்புக்குப் பெரிய பெரிய டயராக மாற்றிக்கொண்டே போனார். ஆக்சில் உடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் ராணுவ லாரியின் ஆக்சிலைக் கொண்டுவந்து வைத்தார். 1981-இல் அந்த வண்டி பழைய கார்களின் மேல் ஏறி நசுக்கியது. 'பிக்ஃபுட்' என்று உலகப் புகழ் பெற்றது. உங்களுக்கும் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் ராணுவ ஆக்சில் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம்.

நியாயமும் பேசிவிடுவோம். பள்ளிக்கரணைப் பக்கம் கட்டட இடிபாடு சுமக்கிறவருக்கு, கம்பெனி சொன்ன அதே அளவில் பக்கவாட்டு பலமான LT டயர் நல்ல முதலீடு. கம்பியும் ஜல்லியும் எளிதில் கிழிக்காது, பாரத்தில் சூடேறி எளிதில் வெடிக்காது. அளவு மாறவில்லை, தரம் மட்டும் ஏறியது. ஆனால் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் இந்த வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை.

சொந்தப் பெயரில் இசுசு வி-கிராஸ் வாங்கி, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஓ.எம்.ஆர். அலுவலகத்துக்கு லேப்டாப் பை ஒன்றை மட்டும் ஏற்றிச் செல்லும் அன்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 245/70 R16-ஐக் கழற்றிவிட்டு 265/75 R16 மண் டயர் மாட்டினால் விட்டம் 55 மில்லிமீட்டர் கூடும். "வெள்ளத்துல போகலாம் சார்" என்பார்கள். விட்டத்தில் பாதிதான் ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. வண்டி உயர்வது 27 மில்லிமீட்டர், ஓர் அங்குலம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது நினைவிருக்கும். அந்த ஓர் அங்குலத்தை நம்பி இறங்கலாம். இன்ஜின் காற்று இழுக்கும் வாய் பழைய இடத்திலிருந்து அதே ஓர் அங்குலம்தான் ஏறியிருக்கும். முழுக்க ஸ்டியரிங்கை ஒடித்தால் மட்கார்டு உள்ளே 'சர்ர்' என்று உரசும். அதற்கு டிஸ்க்கை வெளியே தள்ளி மாட்டுவார்கள். அப்போது உரசாது, பின்னால் வரும் பைக் ஓட்டியின் சட்டைக்குச் சேறு பூசும். காலி வண்டியில் பத்து பிளை டயர் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பை எண்ணிக் காட்டும்.

சட்டம் சின்ன விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் உற்பத்தியாளர் கொடுத்த வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி.க்குப் போகும் நாளில் பழைய டயரை மாட்டிக்கொண்டு பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிற்பது ஊர் வழக்கம். எனவே பழைய செட்டை விற்காமல் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பொறுப்பு. விபத்துக்குப் பின் வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

வேண்டுமானால் இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போய் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியைப் பாருங்கள். 2012-இல் திறந்த ஆராய்ச்சிக் கூடத்தில் வண்டிக்கு எது பொருந்தும் என்று பொறியாளர்கள் வருஷக்கணக்கில் மண்டையைக் குடைகிறார்கள். ஒரகடத்தில் டயர் தொழிற்சாலையே இருக்கிறது. இத்தனையும் தாண்டி, கேம்ப் ரோடு டீக்கடையில் எடுத்த முடிவுதான் உங்கள் வண்டியில் சுற்றுகிறது.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கு பெரிய டயர் வாங்கியதும் காசு தீர்ந்துவிடும், ஐந்தாவது பழைய சின்னதாகவே இருக்கும். பின் சக்கரம் ஒன்று சின்னதும் ஒன்று பெரியதுமாக ஓடினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடேறும். ஐந்தாவதும் பெரிதாக வாங்கினால் வண்டிக்கு அடியில் இருக்கும் தாங்கியில் அது நுழையாது, தொட்டியில்தான் படுக்கும். மதுரவாயல் பைபாஸில் இரவு பஞ்சர் ஆனால், கம்பெனி ஜாக்கி முழுக்க நீண்டும் சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் போகலாம். அடியில் கருங்கல் வைக்காதீர்கள், நழுவும். அகலமான மரக்கட்டை ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். ஸ்டெப்னிக்கும் கட்டைக்கும் இடம் விட்டால் மூன்று கேன் குறைவாகத்தான் ஏற்ற முடியும். அதற்கேற்ப வாடகை பேசுங்கள்.