காலி ஸ்லாட்டிலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: பழைய டெஸ்க்டாப் ஒன்றின் உரிமையாளர், சென்னை.

பெறுநர்: உலகத்துக்கே ரேம் படியளக்கும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் சமூகத்தார். முகாம்: சுவோன், இச்சான், போய்சி.

பொருள்: 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்று – கட்டுப்படியாகும் விலையில் வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயாமாரே,

என் கம்ப்யூட்டர் எச்61 மதர்போர்டு வம்சம். ரேம் செருக இரண்டு ஸ்லாட். ஒன்றில் 4 ஜிபி இருக்கிறது. மற்றது வாங்கிய நாளிலிருந்து காலி. போர்டு 16 ஜிபி வரை தாங்குமாம். அத்தனை ஆசை எனக்கில்லை. அதே மாதிரி இன்னொன்று கிடைத்தால் இரண்டும் ஜோடியாக ஓடும். பிரவுசரில் நாலு பக்கம் சேர்ந்தாற்போல் திறந்தால் ஹார்ட் டிஸ்க் நறநறவென்று பல்லைக் கடிப்பதும் நிற்கும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது, "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொல்லாதவர் இல்லை. என் ப்ராசஸரை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிட்டது. நான் லினக்ஸுக்குக் குடிபோனேன். புத்தி சொன்னவர்கள் புதுசு வாங்கக் கிளம்பிய நேரம் பார்த்துத் தங்கள் சரக்கின் விலை கிளம்பியது. சில மாதங்களுக்குள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் இரண்டு மடங்குக்கு மேல் போயின. இப்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் என் பழைய பெட்டியைச் சற்று மரியாதையோடு பார்க்கிறார்கள். அதற்காகத் தங்களுக்கு என் நன்றி.

தங்களுக்கு நேரமில்லை என்பதும் தெரியும். செயற்கை நுண்ணறிவு வீட்டுக் கல்யாணத்தில் பந்தி ஓய்ந்தபாடில்லை. அங்கே பரிமாறுவது எச்பிஎம் என்ற அடுக்கு ரேம். ஒரே கொள்ளளவுக்கு டிடிஆர்5-ஐவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை அது விழுங்கும் என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. முதல் வரிசைக்கு மூன்று இலை போட்டுவிட்டால் கடைசி வரிசைக்கு எது மிஞ்சும்? 2025 டிசம்பரில் மைக்ரான் சமூகத்தார், 29 ஆண்டுகளாகக் குரூஷியல் என்ற பெயரில் எங்களைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த தொழிலையே விடுவதாக அறிவித்தார்கள். பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்கள். எங்கள் ஊரில் கடைசிப் பந்திக்காரனிடம் "இதோ வருது, உட்காருங்க" என்று பொய்யாவது சொல்வார்கள்.

சரி, பழைய சரக்காவது கிடைக்குமா என்று ரிச்சி தெருவுக்குப் போனேன். 4 ஜிபி டிடிஆர்3 வியக்கத்தக்க மலிவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கை வைக்கப் போனேன். கடைத் தம்பி தடுத்தார்.

"சார், உங்க போர்டு இன்டெல்லா? இது ஏஎம்டிக்கு மட்டும்தான். போட்டா ஸ்க்ரீனே வராது."

சில்லுகளின் அடுக்குமுறை வேறாம்; இன்டெல்லின் வீட்டுப் போர்டுகளுக்கு அதைப் படிக்கத் தெரியாதாம். பக்கத்தில் 8 ஜிபி, அதைவிட மலிவு. "அது?" என்றேன்.

"அது சர்வர் ரேம் சார். ஸ்லாட்டுல அழகா உட்காரும். ஆனா பூட் ஆகாது."

ஆக, டேட்டா சென்டர்கள் சாப்பிட்டு எழுந்த இலையில் மிச்சம் இருக்கிறது. அதுவும் எங்களுக்குச் செரிக்காது. டிடிஆர்3-க்கும் டிடிஆர்4-க்கும் நடுப்பள்ளத்தை இடம் மாற்றி வெட்டியதில் எனக்குக் குறையில்லை. 1.5 வோல்ட்டில் ஓடுவதற்குப் பழகிய ஸ்லாட்டில் 1.2 வோல்ட் சரக்கைச் செருகி எரித்துவிடாதபடி எங்களைக் காத்த பள்ளம் அது. சர்வர் ரேமுக்கும் ஒரு பள்ளம் தள்ளி வெட்டியிருந்தால் எத்தனை பேருடைய பணம் மிஞ்சியிருக்கும்!

தம்பியிடம் எங்கள் போர்டுக்கு ஒத்துவரும் ரேமும் ஒன்று இருந்தது. கழற்றியெடுத்த சரக்கு, தங்க நிறக் காலெல்லாம் கறுத்திருந்தது. அழிரப்பரால் நாலு தேய் தேய்த்துச் சோதனைப் போர்டில் மாட்டி, ஓடுவதைக் காட்டினார். விலையைக் கேட்டபோதுதான் இந்த மனு எழுதும் எண்ணம் எனக்கு வந்தது. "போன வருஷமே வந்திருக்கணும் சார்" என்றார். யாரைக் குறை சொல்ல? அவரும் ஏறிய விலைக்குத்தான் எடுத்திருக்கிறார்.

விலை என்றதும் ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வருகிறது. 1999 முதல் 2002 வரை ரேம் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி விலையை வைத்துக்கொண்ட வழக்கில், சாம்சங் 30 கோடி டாலரும் அப்போதைய ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் அபராதம் கட்ட 2005-இல் ஒப்புக்கொண்டன. முந்திக்கொண்டு விசாரணைக்கு ஒத்துழைத்த மைக்ரானுக்கு அபராதம் இல்லை. டெல், ஐபிஎம், ஆப்பிள் போன்ற மலைகளே அன்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கின்றன. இப்போது அப்படி எதுவும் நடப்பதாக நான் சொல்லவில்லை. வாங்குகிறவர்களே வாசலில் வரிசை கட்டி நிற்கும்போது மூவரும் ஓர் அறையில் கூடிப் பேச வேண்டிய சிரமம் எதற்கு?

ஆகவே ஐயாமாரே, ஆலையில் யாராவது டீ குடிக்கப் போகிற நேரத்தில் ஒரே ஒரு 300 மில்லிமீட்டர் தகட்டில் டிடிஆர்3 சில்லு அடித்து அனுப்பினால் போதும். எங்கள் தெருவில் உள்ள காலி ஸ்லாட்டுகள் எல்லாம் நிறைந்துவிடும். 1333 வேகமே தாராளம். 1600 அனுப்பினாலும் என் போர்டு அதைத் தன் நடைக்குத்தான் நடத்தும். வண்ண விளக்கு எரியும் மேல்தகடு வேண்டாம். பெட்டி மூடியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
4 ஜிபிக்காரன்.

இணைப்பு: காலி ஸ்லாட்டின் புகைப்படம், இரண்டு பிரதிகள், தூசு தட்டியது.

நகல்: புது டெஸ்க்டாப்புக்கு 32 ஜிபி டிடிஆர்5 விலை கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் என் மைத்துனர் – தகவலுக்காக.