தடிக்குப் பதில் ஊதுகுழல்

கேள்வி: இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பில் பேண்டு வாத்தியத்தைத் தொடங்கியவர் அதன் நிறுவனர் வில்லியம் பூத்தானா?

பதில்: இல்லை, வீடு கட்டித் தந்த ஒரு மேஸ்திரி! சார்லஸ் ஃப்ரை என்று பெயர். 1878, இங்கிலாந்தின் சாலிஸ்பரி. சேனையின் தெருப் பிரசங்கிகளை ரவுடிகள் தாக்கினார்கள். காவலுக்குப் போன ஃப்ரையும் மூன்று மகன்களும் தடியா எடுத்துப் போனார்கள்? இரண்டு கார்னெட், ஒரு டிராம்போன், ஒரு சிறிய ட்யூபா! அடிக்க வந்த கூட்டத்துக்கு நடுவே நின்று ஊதினார்கள் பாருங்கள், அந்த நெஞ்சுரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சேனையின் பணிக்கே வரும்படி வில்லியம் பூத் அழைத்தார். தொழிலை விட்டுவிட்டுக் குடும்பமே ஊர் ஊராகப் புறப்பட்டது. நான்கே ஆண்டுகள். 1882இல் ஸ்காட்லாந்தில் ஃப்ரை காலமானார். வயது 44.