முகூர்த்தம் குறிப்பது கடல்

கேள்வி: பிரான்சின் மோன் சான் மிஷேல் தீவுக்கு ஒரு நாள் போகிறோம். அலைச்சல் இல்லாமல் பார்க்க முடியுமா? (வாசகி, மதுரை)

பதில்: தாராளமாக! முகூர்த்தம் பார்க்கத் தெரிந்த நமக்கு இது எளிது. அங்கே பஞ்சாங்கம், ஓத அட்டவணை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் நீர்மட்ட வேறுபாடு 14 மீட்டர் வரை போகும். 2014-இல் திறந்த பாலத்தின் தீவு முனையே சற்று நேரம் மூழ்கி, மலை நிஜத் தீவாகிவிடும். அதற்காகவே ஓர் இரவு தங்கலாம். வண்டி நிறுத்துமிடம் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. பேருந்து உண்டு, ஆனால் நான் நடக்கத்தான் சொல்வேன். மலை உச்சியிலுள்ள மடாலயத்துக்கு 300-க்கும் மேற்பட்ட படிகள். டிக்கெட்டை முன்பே எடுத்துக் காலையிலேயே ஏறுங்கள். வழிகாட்டி இல்லாமல் மணலில் மட்டும் இறங்காதீர்கள்: புதைமணல் உண்டு, ஓதமோ முதுகுப்பக்கமாகவும் சூழும்.