காவலுக்கு ஒரு குடை

நேற்று பிற்பகல் மூன்றரை மணிக்கு மழை. மோர் மிளகாய்க்கு அது நாலாம் வெயில். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மொட்டை மாடி வைத்திருப்பவர்கள் ‘உச்’ கொட்டியிருப்பீர்கள்.

அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை என்று காலண்டரில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான். அதை நம்பித்தான் ஊறப்போட்டேன். இப்போது மிளகாய் ஹாலில் ஃபேனுக்கு அடியில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருக்கிறது. எங்களுக்குப் புளித்த மோர் வாடையில் தூக்கம் வரவில்லை. மழைக்கும் பூஞ்சைக்கும் தப்பி மிளகாயைக் காயவைக்க என் மாமியாரிடம் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் காக்கை.

ஆறு தொட்டியில் நான் வளர்த்த மிளகாய் அது. மண், மண்புழு உரம், இலைச்சுருட்டலுக்கு வேப்பெண்ணெய் என்று கணக்குப் போட்டால் ஒரு மிளகாய் 11 ரூபாய் அடக்கம். காம்பு கிள்ளாமல், நுனியில் மட்டும் கீறி, பகலில் வெயிலும் ராத்திரி மோருமாக மூன்று நாள் பார்த்துக்கொண்டேன். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிக் குளிப்பாட்டித் துவட்டியதில்லை என்கிறாள் என் மனைவி.

முதல் நாள் காவலுக்குக் கறுப்புக் குடையை விரித்து வைத்தேன். காக்கை வரவில்லை. இரண்டாம் நாள் வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குடையைப் பார்த்தது. மூன்றாம் நாள் குடைக்கு அடியிலேயே உட்கார்ந்து தின்றது. வெயில் கடுமை, பாவம். பழைய சி.டி. நாலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். அதில் முகம் பார்த்து இறகு கோதிக்கொண்டது. கறுப்புத் துணியைக் கம்பில் கட்டினேன். துணி அப்படியே இருந்தது, கம்பைக் கூடு கட்டத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடைசியாக எங்கள் ஆச்சி வடாமுக்குச் செய்த மாதிரி நாலு மூலையிலும் சிவப்பு வற்றல் மிளகாயைச் செருகி வைத்தேன். காரத்துக்குப் பயந்து ஓடுமாம். முதலில் அந்த நாலையும் தின்றுவிட்டுத்தான் தாம்பாளத்துக்கே வந்தது.

இதற்கு அறிவியல் விளக்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்ததில்தான் என் பாதி நிம்மதி போயிற்று. பறவைகளுக்குக் காரம் உறைக்காது. டியூக்ஸ்பரி, நாப்ஹன் என்ற இரண்டு பேர் அரிசோனாவில் காட்டு மிளகாய்ச் செடிகளை வைத்து ஆராய்ந்து 2001-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார்கள். எலி வகையறா மிளகாயைச் சீண்டவில்லை. குருவிகள் தின்றன, எச்சத்தில் விழுந்த விதையும் முளைத்தது. எலி தின்றால் விதையையும் கடித்துத் தீர்த்துவிடும். ஆகவே மிளகாய் காரம் சேர்த்துக்கொண்டது பாலூட்டிகளை விரட்ட. பறவைகளுக்கு அது பரிமாறும் சாப்பாடு.

பாலூட்டி என்றால் நான்.

போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கிய காய்க்கு மிளகோடு உறவு சொல்லி மிளகாய் என்று பேர் வைத்தோம். நானூறு, ஐந்நூறு வருஷமாகக் கண்ணில் தண்ணீர் வரத் தின்றுகொண்டிருக்கிறோம். அது நம்மைத் துரத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நமக்குத்தான் உறைக்கவில்லை.

இதை மனைவியிடம் சொன்னேன். “விடுங்க, அது உங்க அப்பாவா இருக்கும். மோர் மிளகா இல்லாம தயிர்சாதத்துல கை வைக்கமாட்டாரே” என்றாள். சொன்னபிறகு கவனித்தேன். ஒன்றை எடுத்து, பார்த்து, கீழே போட்டுவிட்டு, வேறொன்றை எடுத்தது. அப்பாவேதான். ஆனால் அப்பா ஒரு சாப்பாட்டுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்வார்.

பக்கத்து முறத்தில் உப்புப் போட்ட மாங்காய் வற்றல். காக்கை அதைத் தொடவில்லை. அணில் மிளகாயைத் தொடவில்லை. காரம் தெரியாதவருக்கு மிளகாய், தெரிந்தவருக்கு மாங்காய். பாகப்பிரிவினை சண்டை சச்சரவில்லாமல் முடிந்திருக்கிறது. வாடகையும் தண்ணீர் வரியும் என் பேரில்.

ராமநாதபுரத்தில் முண்டு மிளகாயைக் களம் களமாகக் கொட்டிக் காயவைக்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டார்கள். எனக்கு அரைக் கிலோவுக்கு முடியவில்லை. “கடையில பாக்கெட்டே கிடைக்குதே சார்” என்கிறார் கீழ்வீட்டுக்காரர். இவரை மாதிரி ஆட்களுக்குக் காரம் உறைக்கிறதா என்று யாராவது ஆராய்ந்தால் தேவலை.

இன்று காலை ஈர முறத்தை எடுக்கப் போனபோது தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் கண்ணில் பட்டது. சிமென்ட் விரிசலில் ஒரு மிளகாய்ச் செடி. நான் போட்டதில்லை. மண் இல்லை, உரம் இல்லை, வேப்பெண்ணெய் இல்லை. என் ஆறு தொட்டியும் சேர்ந்து காய்க்காத அளவு கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது.

மடியை ஏந்தி எல்லாவற்றையும் பறித்தேன். சுவர்மேலிருந்து அது தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. குடையை விரித்து வைத்திருக்கலாம், பாவம், அதற்குத் தோன்றவில்லை.

மாமியாரின் சூட்சுமம்... இருங்கள், தெற்கே கறுக்கிறது.