நிற்பதற்காக ஓடுவோர் கையேடு

ஓடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஓடவேண்டும் என்பதற்காகவே ஓடுகிறவர்கள் முதல் வகை. அவர்களுக்கு ஒரு மைதானமும் ஒரு கைக்கடிகாரமும் போதும். இந்தக் கையேடு தேவையில்லை. முதல் நூறு மீட்டரிலேயே ‘எங்கே நிற்கலாம்?’ என்று சுற்றுமுற்றும் பார்க்கிறவர்கள் இரண்டாம் வகை. மரியாதை கெடாமல் நிற்பதற்கு அவர்களுக்குக் காரணம் வேண்டும். அப்படிப்பட்ட காரணங்கள் வழிநெடுகக் கொட்டிக் கிடக்கும் இடம், தென்மேற்கு இங்கிலாந்தின் ஏவன் நதிப் பள்ளத்தாக்கு.

பாத் நகரிலிருந்து பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் ஊர்வரை, கென்னட் – ஏவன் கால்வாயின் கரையோடு சுமார் 10 மைல். பள்ளத்தில் நதி, அதையொட்டி ரயில் பாதை, மரங்களுக்கு நடுவே சற்று மேலே கால்வாய். ஜான் ரென்னி என்ற பொறியாளர் வகுத்த இந்தக் கால்வாய் 1810இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன் கரைப்பாதை மனிதர்களுக்காகப் போட்டதல்ல. படகில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு குதிரை நடப்பதற்காகப் போட்டது. நடப்பதற்காக என்பதைக் கவனியுங்கள். குதிரையே ஓடாத பாதையில் நீங்கள் ஓடப் போகிறீர்கள். வேகம் குறைந்தால் பழியை வரலாற்றின் தலையில் போட்டுவிடலாம்.

1. எதிராளியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பந்தயத்தில் ஜெயிப்பது பயிற்சியால் அல்ல, எதிராளி யார் என்பதால். இங்கே உங்கள் எதிராளி நாரோபோட். ஏழடிக்கும் குறைவான அகலத்தில், நீளமாக, டீசல் இன்ஜின் டுக்டுக்கென்று முனக வரும் படகு. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதையும் பாதியாகக் குறைப்பதுதான் நாகரிகம். ஆகவே கட்டிய படகுகள் வரிசையாக நிற்கும் இடம் வரும்வரை பின்னாலேயே பதுங்கி வாருங்கள். வந்ததும் முந்துங்கள். முந்தும்போது மூச்சிரைப்பைக் காட்டிக்கொள்ளாமல், சுக்கான் பிடித்திருப்பவரைப் பார்த்து “மார்னிங்” சொல்லுங்கள்.

கட்டிக்கிடக்கும் படகுகளில் பலவும் வீடுகள். கூரைமேல் விறகு, நிலக்கரி மூட்டை, சைக்கிள், பூந்தொட்டி. புகைபோக்கியில் மெல்லிய புகை. சொந்தமாகத் துறை இல்லாதவர்கள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் படகைக் கட்டி வைக்கக் கூடாது என்பது விதி. உள்ளேயிருந்து பன்றிக்கறி வறுக்கும் வாசனை வரும். அந்த இடத்தில் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

2. ஊர் எல்லைக்குள்ளேயே நிற்கப் பழகுங்கள்

பாத் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் விட்கம் லாக்குகள். படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிதான் லாக். இரு முனையிலும் கனத்த மரக்கதவு. உள்ளே தண்ணீரை விட்டால் படகு உயரும், வடித்தால் தாழும். இங்குள்ள ‘டீப் லாக்’ 19 அடி 5 அங்குல ஆழம். சாலை வேலைக்காக இரண்டு லாக்குகளை ஒன்றாக்கியதில் வந்த ஆழம் அது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால், பாசி பிடித்த ஈரச் சுவர்களுக்கு நடுவே ஒரு படகு கிணற்றடியில் கிடப்பது தெரியும். அது மேலே வரும்வரை பார்க்காமல் போவது அநாகரிகம். கதவின் நீண்ட மரக்கையை முதுகால் தள்ளித் திறக்க ஒரு கை கொடுத்தால், அன்றைய உடற்பயிற்சிக் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து சிட்னி கார்டன்ஸ் பக்கம் ஒரு குட்டிச் சுரங்கம். மேலே கிளீவ்லண்ட் ஹவுஸ், கால்வாய்க் கம்பெனியின் பழைய அலுவலகம். சுரங்கக் கூரையில் ஒரு துளை இருக்கிறது. மேலேயிருந்த குமாஸ்தாவுக்கும் கீழே போன படகுக்காரருக்கும் இடையே காகிதங்கள் அதன் வழியாகத்தான் போய்வந்தன என்பார்கள். அண்ணாந்து பார்த்துத் தேடுங்கள். நடந்துகொண்டே தேடினால் தண்ணீரில் விழ நேரும். ஆகவே நின்று.

இதற்குப் பிறகு ஒரு சோதனை. பாத் நகரின் கடைசி லாக்கைத் தாண்டினால் பிராட்ஃபர்ட்வரை 9 மைலுக்கு லாக்கே கிடையாது. பாதை சமதளம். ‘மேடு’ என்ற சாக்கு செல்லாது. அஞ்ச வேண்டாம், உயிரினங்கள் இருக்கின்றன.

3. எதிரே வருபவர்களுக்கு வழி விடுங்கள்

சைக்கிள்காரர் மணியடித்தால் ஒதுங்குங்கள். ஒதுங்கும் பக்கம் நெட்டில் என்ற சுணைச்செடி இருக்கும். கணுக்காலில் பட்டால் தீயாய் எரியும். டாக் இலையைத் தேய்த்தால் சரியாகும் என்பது அந்த ஊர்ப் பாட்டி வைத்தியம். இலையைத் தேட ஐந்து நிமிடம், தேய்க்க ஐந்து நிமிடம். எரிச்சல் அடங்குவது இலையாலா, பத்து நிமிடத்தாலா என்று ஆராயாதீர்கள்.

தூண்டில்காரர் பல மீட்டர் நீளக் கம்பைப் பாதைக்குக் குறுக்கே பின்னால் நீட்டிவைத்திருப்பார். தாண்டாதீர்கள், அவர் கம்பை இழுத்துக்கொள்ளும்வரை காத்திருங்கள். அவர் அவசரப்பட மாட்டார், நீங்களும் பட வேண்டாம். நாய் உங்கள் மார்புவரை எழும்பி நிற்கும்போது, “ஒண்ணும் செய்யாது, விளையாடத்தான் வருது” என்று தூரத்திலிருந்து குரல் வரும். சேற்றுப் பாதம் சட்டையில் பதிந்த பிறகு நீங்கள்தான் ‘ஸாரி’ சொல்ல வேண்டும். குஞ்சுகளோடு அன்னம் பாதையில் உட்கார்ந்திருந்தால் வாதாடாதீர்கள். அது எழுந்து போகிற நேரத்தில் போகும்.

மழைக்கு மறுநாள், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்பது இங்கே அன்றாட நிலவரம். வசந்தத்தில் மரச்சரிவெல்லாம் காட்டுப் பூண்டு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்த வாசனையில் பசியெடுத்துத் திரும்பிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

4. பொறியியல் ஆர்வத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்

கிளாவர்ட்டனில் ஒரு பம்ப் நிலையம். நதியின் ஓட்டத்தாலேயே சுழலும் பெரிய நீர்ச்சக்கரம், அந்த நதியின் தண்ணீரையே 48 அடி உயரத்திலுள்ள கால்வாய்க்கு ஏற்றியது. 1813 முதல் 1952 வரை உழைத்தது. அது உழைத்ததை நினைத்து நீங்கள் சற்று ஓய்வெடுங்கள்.

அடுத்தது டண்டாஸ் தொட்டிப்பாலம். 1805இல் முடிந்தது, தேன்நிற பாத் கல்லால் கட்டியது, கால்வாய்க் கம்பெனியின் முதல் தலைவர் பெயரைத் தாங்கியது. மேலே படகு போகும், கீழே நதியும் ரயிலும் போகும். மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்தால்தான் படம் நன்றாக வரும். ரயில் வரும்வரை நிற்பது கலைக்கடமை. சில மைல் தள்ளி ஏவன்கிளிஃபில் கால்வாய் மீண்டும் நதியைத் தாண்டுகிறது. அங்குள்ள தொட்டிப்பாலத்தின் நடு வளைவு கட்டிய சில காலத்திலேயே தொய்ந்துவிட்டது; இன்றும் தொய்ந்தபடியே தாங்குகிறது. அந்நேரம் உங்கள் முதுகும் அதே நிலையில்தான் இருக்கும்.

5. மழைக்கும் மேட்டுக்கும் தனி ஏற்பாடு

மழை என்றால், டண்டாஸிலிருந்து திரும்பிப் பழைய ரயில் சுரங்கங்கள் வழியாகப் பாத் வந்துசேரும் 13 மைல் வட்டப்பாதை உண்டு. 1966இல் ரயில் நின்றுபோன தடத்தை 2013இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். கூம் டவுன் சுரங்கம் 1,672 மீட்டர். அந்த நேரமாவது நனையமாட்டீர்கள். நீங்கள் நடப்பதையும் யாரும் தெளிவாகப் பார்க்கமுடியாது.

மேடுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், கிழக்கே டிவைசஸ் ஊரின் கேன் ஹில் போகலாம். 2 மைலுக்குள் 29 லாக்குகள், 237 அடி ஏற்றம். அதில் 16 ஒரே நேர்கோட்டில் படிக்கட்டாக ஏறும். படகு ஏற அரை நாள் ஆகும். நீங்கள் தவழ்ந்து ஏறினாலும் வெற்றி உங்களுக்கே.

6. கௌரவமாக முடியுங்கள்

ஏவன்கிளிஃபிலிருந்து பிராட்ஃபர்ட்டுக்குச் சுமார் ஒன்றரை மைல்தான் மிச்சம். ஆனால் தொட்டிப்பாலத்தின் பக்கத்திலேயே ஒரு குட்டி ரயில் நிலையம். கை காட்டினால்தான் வண்டி நிற்கும். ஓடிக் களைத்தவருக்கு இதைவிட உவப்பான உடற்பயிற்சி எது? கையை நன்றாக, தோள்வரை நீட்டுங்கள். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கடைசி ஒன்றரை மைலுக்கு ரயிலின் வேகம் உங்கள் கணக்கில் ஏறும்; அந்த உலக சாதனை எப்படி சாத்தியமாயிற்று என்று முதல் வகையினர் விசாரிக்க வந்துவிடுவார்கள்.